வலையில் மாட்டிய மிஷின்

திருவொற்றியூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். காலி மீன் கூடையோடு ஓர் அக்கா, பக்கத்தில் பால்கேனோடு ஒரு மாத்தூர்ப் பெண்.

"எங்க வைக்கோல் கட்டுற மிஷினு மீன் வலைல மாட்டிக்கிச்சுக்கா," என்றாள் பால்காரப் பெண். நான் செல்போனை அணைத்துவிட்டேன்.

"வயல்ல ஏது வலை?"

"பன்னி வராம இருக்க வயக்காரரு வேலியா கட்டிகீறாரு. காத்துல சாஞ்சு வைக்கோலுக்குள்ள கெடந்துகீது. மிஷின்ல பூந்து ரோலரைச் சுத்திக்கிச்சு, பேரிங்கும் போச்சு. மெக்கானிக்கு புச்சா வேற மிஷினே வாங்குன்றாரு."

"வாங்கிடு. ஒடைஞ்சத நோண்டிக்கினு இருந்தா பேஜாரு."

"அவ்ளோ துட்டுக்கு எங்க போறது? மழைக்கு முந்தி வைக்கோலை எடுக்கலன்னா மாட்டுக்கு இன்னாத்த போடறது?"

"எந்த ஊரு வயலு?"

"மீஞ்சூராண்ட."

"இன்னா கலரு வலை?"

"பச்சை. ஓரத்துல செவப்புக் கயிறு."

அக்கா கூடையைக் காலடியில் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"புச்சுலாம் வாணாம்," என்றாள் பிறகு. "எங்க மீன்புடி போட்டுக்கு அடியில சுத்துற விசிறில வலை சுத்திக்கிச்சுன்னா எங்கூட்டுக்காரரு தண்ணில முங்கி அறுத்து எடுப்பாரு. இன்னிக்கே அவர இட்டாரேன். பேரிங்கும் நாங்களே மாத்தித் தர்றோம்."

"நீ ஏன்க்கா மாத்தணும்?"

"போன வருசம் மீஞ்சூர்க்காரரு ஒருத்தரு அரிசி மூட்டை குடுத்து வேலிக்குன்னு பழைய வலை வாங்கிக்கினு போனாரு. அது எங்க வலைதான்."

பால்காரப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதுல பன்னி மட்டும் இன்னும் மாட்டலக்கா."