வரிக்கு முன்னால் நாலு இடைவெளி

எனக்கு ஒழுங்கு பிடிக்கும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அன்று காலை, கணினி நிரல் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விதிகளை நான்தான் மாற்றினேன். உள்ளடங்கும் வரிக்கு முன்னால் இரண்டு இடைவெளி போதாது, நாலு வேண்டும். அவ்வளவுதான். பழங்காநத்தத்தில் டயர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீஸில் எல்லாத் திரையும் பிழை காட்டிச் சிவந்துவிட்டது. யாராலும் ஒரு வரி சேர்க்க முடியவில்லை.

"என்னத்தண்ணே பண்ணித் தொலைச்சீங்க? மிளகாப்பொடி கொட்டுன மாதிரி இருக்கு," என்றாள் ஷெரின். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் எங்கள் செயலியில் முக்கால்வாசி அவள் எழுதியது.

"பதறாத தாயி. ஒரே அமுக்குல நிமித்திருவோம்."

அமுக்கினேன். வரிகள் தாமாக நகர்ந்து நின்றன. சிவப்பு போனது. ஷெரின் எனக்கு டீ வாங்கி வந்தாள்.

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கணினி பெயர் குறித்து வைக்கும். நகர்த்தினாலும் தொட்டதுதான். அவள் வரிகள் என் பெயருக்கு வந்துவிட்டன. இந்த நகர்த்தலைக் கணக்கில் சேர்க்காதே என்று அதற்குச் சொல்ல வழி உண்டு. சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

மறுவாரம் முதலாளி தமிழ்மாறன் பார்த்தார். "மாப்ள, அம்புட்டும் நீயா எழுதுன?"

"என்னண்ணே போட்டிருக்கு?" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஷெரினை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் நாற்காலியில் நான் பையைக்கூட வைப்பதில்லை. மனசு கேட்கவில்லை.

ஒன்று விட்டுப்போனது. ஓர் ஆளைக் குறைக்கப்போகிறேன், யார் அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு என்று தமிழ்மாறன் அண்ணன் என்னிடம் சொன்னது, விதியை மாற்றுவதற்கு முந்தின நாள்.

அவளை நிறுத்தியதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செல்லூரில் அவள் வீட்டுக்கு வண்டியை விட்டுக்கொண்டே இருந்தேன். வேறு வேலை பார்த்துத் தரட்டுமா, என் மேல் வருத்தமா என்று கேட்பேன். "விடுங்கண்ணே" என்பாள். நேற்றும் கேட்டேன்.

"அன்னைக்கே பாத்துட்டேண்ணே, எல்லா வரியிலயும் உங்க பேரு," என்றாள். "நீங்களே சொல்லிருவீங்கன்னுதான் டீ வாங்கியாந்தேன்."