நாற்பத்தொரு நன்றிக் கடிதங்கள் வரைந்த அக்காவுக்கு

சினந்து வந்த மடலுக்கும் சிரித்த முகத்தோடு விடை வரைந்த செந்தமிழ்ச் செல்வியே! தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் இந்த அலுவலகத்தின் கடிதப் பிரிவில், முப்பத்தோர் ஆண்டுகள் முதல் மேசையில் அமர்ந்து, ஆறு ஆணையர்களுக்கு நாவாகவும் நடையாகவும் விளங்கிய நல்லவரே! எங்கள் அன்பு அக்காவே! வணங்குகிறோம்.

கண்டபடி திட்டி எழுதிய ஒருவர், உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேரில் வந்து, "வாய்க்கு வந்ததை எழுதிட்டேன், மன்னிச்சிடும்மா" என்று கைகூப்பி நின்றதை இந்த அறை மறக்காது. உங்கள் சொல்லுக்கு அத்தனை வலிமை உண்டென்று அன்று நம்பினோம்.

சென்ற ஆண்டு, தொழிலதிபர்கள் கூட்டத்தில் ஆணையர் ஆற்றவேண்டிய உரையை நீங்களே எழுதினீர்கள். அதன் ஏழாம் பக்கம் முழுவதும் கொதிகலன்களைப் பற்றியது. சோதனை செய்யாத கொதிகலன் வெடித்து உங்கள் தம்பி வெந்து இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆண்டுக்கொரு சோதனை, அவ்வளவுதான் கேட்டிருந்தீர்கள்.

ஆணையர் அந்தத் தாளை மட்டும் உருவி உங்களிடம் நீட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்கம்மா. ஆனா விருந்துக்குக் கூப்பிட்டவங்ககிட்டப் போய் இதைப் பேச முடியுமா?"

உரை ஓகோவென்று அமைந்தது. பாராட்டி நாற்பத்தொரு கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று, தம்பி வேலை பார்த்த ஆலையின் முதலாளி எழுதியது: "எங்கள் மனம் குளிரப் பேசினீர்கள்."

"அக்கா, இதுக்கு மட்டும் நான் பதில் எழுதிடறேனே" என்று நம் பிரிவின் தட்டச்சுத் தங்கை கெஞ்சினாள்.

"வேணாம். என் மேசைக்கு வந்தது, நானே எழுதறேன்" என்றீர்கள்.

எழுதினீர்கள். முதல் பத்தியில் நன்றி; அதன் கீழே, உருவப்பட்ட ஏழாம் பக்கம், ஓர் எழுத்துக் குறையாமல். கடிதக் கட்டில் அதுவும் சேர்ந்து போனது. ஆணையர் பேசிக்கொண்டே நாற்பத்தொன்றிலும் கையெழுத்திட்டார். அஞ்சலில் சேர்த்தவர்கள் நாங்கள். என்ன ஆகுமோ என்று ஒன்பது நாட்கள் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருந்தோம்.

பத்தாம் நாள் பதில் வந்தது: "தங்கள் அன்பான மடல் கிடைத்தது. தங்கள் மேலான கருத்துகள் எங்களுக்கு என்றும் ஊக்கமளிக்கும்."

நீங்கள் அதை இரண்டு முறை படித்தீர்கள். "கோபமாவது படுவாங்கன்னு நெனச்சேன். படிக்கவே இல்லையே!" என்றீர்கள். பிறகு முகம் கழுவி வந்து அடுத்த கோப்பைப் பிரித்தீர்கள்.

நான்கு மாதம் கழித்து, அதே ஆலையில் மற்றொரு கொதிகலன் வெடித்தது. இருவர் இறந்தனர். இரங்கல் கடிதம் வரையச் சொல்லி உங்கள் மேசைக்குக் குறிப்பு வந்தது. வெள்ளைத் தாளை எடுத்தீர்கள், பேனாவைத் திறந்தீர்கள், பகல் முழுதும் அப்படியே இருந்தீர்கள். மாலையில் நீங்கள் எழுதிக் கொடுத்தது விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பம். இன்னும் மூன்று ஆண்டுகள் பணி மீதமிருந்தது.

அந்த இரங்கல் கடிதத்தை நாங்கள் எழுதினோம், அக்கா. உங்கள் தம்பி வீட்டுக்கு அனுப்பியதன் நகலை எடுத்து, பெயரை மாற்றினோம், தேதியை மாற்றினோம். வேறெதையும் மாற்றத் தேவைப்படவில்லை. அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. இதைச் சொல்லாமல் உங்களுக்கு மாலையிட எங்களுக்குக் கை எழவில்லை.

ஆணையர் அவசரப் பணியால் இந்த வழியனுப்பு விழாவுக்கு வரவில்லை. சற்றுமுன் வாசித்த அவருடைய வாழ்த்துச் செய்தியை இயற்றியதும் நாங்களே. அதை மறந்துவிடுங்கள். இந்த மடல் மட்டுமே எங்கள் சொந்தக் கை.

நாளை முதல் நல்ல காற்றும், நிறைந்த உறக்கமும், நோயில்லா நெடுவாழ்வும் உங்களைச் சேரட்டும்! யாருக்கும் எதற்கும் பணிந்து எழுதத் தேவையில்லாத காலைகள் உங்களுக்கு விடியட்டும்!

இம்மடலுக்கு மட்டும் தயவுசெய்து பதில் எழுதாதீர்கள், அக்கா.

எல்லாவற்றையும் அஞ்சலில் சேர்த்தவர்களும்,
கண்டும் வாய் திறவாதிருந்தவர்களுமான
கடிதப் பிரிவு ஊழியர்கள்