நாலாவது தப்பு

— மூணாவது தப்பு, ஐஸ் தொட்டி. எழுதிட்டியா?

— எழுதிட்டேன்க்கா. ஆனா பாவம், ஐஸ் என்ன பண்ணும்? லேபிளை மைதா பசையில ஒட்டினது நீங்கதானே.

— ஒட்டட்டுமான்னு கேட்டப்போ தலையை ஆட்டினது யாரு? தொட்டியில போட்ட அஞ்சாவது நிமிஷம் அத்தனை லேபிளும் கழண்டு மேல மிதக்குது. எது இஞ்சி சோடா, எது புதினா சோடான்னு செஞ்ச எனக்கே தெரியல.

— அதுக்கு நீங்க சொன்னீங்களே ஒரு பதில்! "இது அதிர்ஷ்ட பாட்டில் சார், குடிச்சாத்தான் தெரியும்."

— வேற என்ன சொல்லச் சொல்ற? ஏதோ வாய் இருக்கப் போய் பொழைச்சோம். சரி, முதல்ல இருந்து ஒரு தடவை படி. நேத்து போட்ட முதல் கடையில பண்ண தப்பையெல்லாம் எழுதி வெச்சாத்தான் நமக்குப் புத்தி வரும்.

— ஒண்ணு: கண்காட்சின்னு சொன்னதும் ஓடிப் போய் ஸ்டால் பிடிச்சோம். என்ன கண்காட்சின்னு கேக்கல.

— நாய்க் கண்காட்சின்னு நான் என்ன கனவா கண்டேன்? உன் புருஷன்தான் "அண்ணி, நல்ல கூட்டம் வரும்"னாரு. வந்துச்சு. பாதிக்குப் பாதி நாலு காலு.

— ஒருத்தர்கிட்ட நான் மனப்பாடம் பண்ணி வெச்சதை முழுசா ஒப்பிச்சேன்க்கா. கலர் சேக்கல, கெடாம இருக்க மருந்து போடல, அக்கா கையால வீட்டுலயே செஞ்சதுன்னு. அவரும் பொறுமையா கேட்டுட்டு, "நாய் குடிக்கலாமா?"ன்னாரு.

— நீ என்ன சொன்ன?

— கேட்டுச் சொல்றேன்னேன்.

— யார்கிட்ட கேக்கப் போன, நாய்கிட்டயா? ஆனா ஒண்ணு, அந்தக் கன்னுக்குட்டி சைஸ் நாய் தொட்டியில தலையை விட்டுக் குடிச்சுது பாரு, நேத்து நம்மகிட்ட வந்த முதல் வாடிக்கையாளர் அதுதான். ரெண்டாவது?

— பேனரைத் திருப்பிக் கட்டினோம். எழுத்தெல்லாம் நம்ம பக்கம், வெள்ளைத் துணி ஜனங்க பக்கம்.

— ஒரு மணி நேரம் அதை நாமளே பாத்துப் பாத்துப் பெருமைப்பட்டுக்கிட்டோமே, அதையும் சேத்து எழுது. இந்த வீட்டு மருமகளுங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மூளைதான்னு மாமியார் சொன்னப்போ எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா!

— அந்த ஒண்ணும் நேத்து லீவு போட்டுடுச்சு.

— சிரிக்காதடி. மணி என்ன?

— பதினொண்ணே கால்.

— பன்னெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும்ல? போனை எடு. திங்கக்கிழமையில இருந்து வரேன்னு சொல்லு. அதே ரிசப்ஷன், நீ உக்காந்த அதே நாற்காலி. அவங்களே கூப்பிட்டுக் குடுக்கறாங்க. நேத்து அடிச்ச கூத்தைப் பாத்த பிறகும் உனக்கு என்ன யோசனை?

— முதல்ல லிஸ்ட்டை முடிப்போம்க்கா. நாலாவது?

— அஞ்சுக்குப் போ. அஞ்சு: காலி பாட்டில் போட ஒரு கூடை எடுத்துட்டுப் போகல.

— நாலைக் காணோமே.

— நாலு எனக்கு ராசியில்லை. விட்டுடு.

— நானே சொல்றேன் இருங்க. நாலு: நூத்தி இருபது பாட்டிலுக்கு சோடா மூடி போட்டு, பிள்ளை மாதிரி பொத்திப் பொத்தி எடுத்துட்டுப் போனோம். ஓப்பனரை மறந்துட்டோம்.

— அதைப் போய் எழுதணுமா?

— இதை எழுதாம வேற எதை எழுதறது? பக்கத்து ஸ்டால்காரர் பாவப்பட்டு ஒரு நாய்ப் பெல்ட்டைக் குடுத்தாரு. அந்தக் கொக்கியில அம்பது பாட்டில் திறந்தோம், கொக்கி வளைஞ்சு போச்சு. அப்புறம் நீங்க மூடியை மேஜை விளிம்புல மாட்டி உள்ளங்கையால ஓங்கி ஓங்கிப் போட்டீங்க. தூங்கிட்டிருந்த நாயெல்லாம் எழுந்து குரைச்சுது.

— குரைச்சா குரைக்கட்டும்னுதான் இருந்தேன். இருபத்தஞ்சாவது மூடி கையைக் கிழிச்சிடுச்சு.

— காட்டுங்க. இன்னும் வலிக்குதா?

— பாத்திரம் கழுவறப்போ மட்டும். இது என் கைக்குட்டைதானே?

— உங்களோடதுதான். நீங்க போட்ட கூச்சல்ல கைக்குக் கெடைச்சதை எடுத்துக் கட்டினேன். நான் முடிச்சு போட்டு நிமிர்றதுக்குள்ள அடுத்த பாட்டிலை வாயில வெச்சுட்டீங்க.

— அஞ்சே அஞ்சு பாட்டில்தான் பல்லால திறந்தேன். அதுக்கே கடைவாய்ப் பல்லு ஆடுது. என்னடி பண்றது? அந்த வெயில்ல ஒரு கையில நாயையும் பிடிச்சுக்கிட்டு வரிசையா நிக்கறாங்க. ஒரு அம்மா ஒரு மடக்கு குடிச்சிட்டு, அப்படியே நின்னு, "யாருங்க செஞ்சது?"ன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டு அடுத்த மூடியைப் பல்லுல வெச்சேன்.

— ஓப்பனர் மட்டும் இருந்திருந்தா நூத்தி இருபதும் போயிருக்கும். எண்பதோட கடையைக் கட்டினோம்.

— சரி, போதும். போனை எடு.

— ஏன்க்கா என்னை இந்த விரட்டு விரட்டறீங்க?

— ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது.

— சொல்லுங்க.

— ஓப்பனரை நாம மறக்கல. நீ பெட்டியில ஒழுங்காத்தான் எடுத்து வெச்சிருந்த. வண்டி ஏறறதுக்கு முன்னாடி அதை எடுத்து என் பையில போட்டு, ஜிப்பை இழுத்து மூடினது நான்.

— ஏன்?

— பயம்டி. வாயால போன்னு சொன்னா நீ போக மாட்ட. நேத்து ஒரு நாள் கடை படுத்துடுச்சுன்னா நீயாவே வேலைக்குப் போயிடுவன்னு நெனச்சேன். என் கைப்பக்குவத்தை நம்பி வந்த வேலையை நீ விட்டுட்டு, ஆறு மாசத்துல இது கவுந்துட்டா? உன் ரெண்டு பிள்ளைங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? தினம் ஒரே சமையக்கட்டுல நின்னுக்கிட்டு?

— சரி, கூட்டம் வந்தப்போவாவது எடுத்திருக்கலாமே?

— எடுத்தா மாட்டிக்குவேனே! தோள்ல ஓப்பனரைத் தொங்க விட்டுக்கிட்டு, ஓப்பனர் இருக்கா, ஓப்பனர் இருக்கான்னு ஸ்டால் ஸ்டாலா அலைஞ்சேன். நாய் டாக்டரைக்கூட விடல. விக்கவே கூடாதுன்னு போனவதான். கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. என்னை மாதிரி ஒரு கூறுகெட்டவளை நீ எங்கயாவது பாத்திருக்கியா? எழுதிக்கோ, நாலாவது தப்பு நான்தான். எழுதிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பதிலைச் சொல்லு.

— சொல்லிட்டேன்க்கா.

— எப்போ?

— நேத்து மூணு மணிக்கு. கைக்குட்டை எடுக்க உங்க பையைத் திறந்தேன்ல, ஓப்பனர் மேலயே கெடந்துச்சு. இப்ப எடுப்பாங்க, அப்ப எடுப்பாங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன், நீங்க பல்லால திறந்தீங்க. கடையைக் கவுக்க வந்த ஆளே இந்தப் பாடு பட்டு விக்கறப்போ, நான் எங்கக்கா போறது? வரலைன்னு ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் அனுப்பிட்டேன்.