மீ வந்துச்சு

அப்ஸானா: …இல்லத்தா, கேஸ் பர்னஸ்தான். நான் முடிவு பண்ணிட்டேன்.

ரஹ்மத்துல்லா: கேஸ் வேணாம்மா.

அப்ஸானா: ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறீங்க.

ரஹ்மத்துல்லா: வேணாம்னா… வேணாம்.

அப்ஸானா: வீட்டைச் சூடாக்குற பழைய பர்னஸ் செத்து நாலு நாளாச்சு. பிள்ளை ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத் தூங்குது. ஏழு மணிக்குக் கம்பெனிக்காரன் கூப்பிடுவான். எதை மாட்டுறதுன்னு சொல்லியாகணும்.

ரஹ்மத்துல்லா: அந்த இன்னொண்ணு… பம்புன்னியே.

அப்ஸானா: ஹீட் பம்ப். வாசல்ல ஏசி பொட்டி மாதிரி வைப்பானாம்.

ரஹ்மத்துல்லா: மாதிரி என்ன, ஏசியேதான். வால்வைத் திருப்பி விட்டா வெளிச்சூட்டை இழுத்து உள்ள தள்ளும்.

அப்ஸானா: வெளிய ஏதுத்தா சூடு? விரல் விறைக்குது.

ரஹ்மத்துல்லா: பகல்லயும் தண்ணி உறையுற குளிர் வான்கூவர்ல வருஷத்துக்குப் பத்து நாள்னு நீதானே சொன்ன? அதுக்கு இது தாராளம். முப்பது வருஷமா ஏசி கழட்டி மாட்டினவன் சொல்றேன்.

அப்ஸானா: மீ போச்சுன்னா?

ரஹ்மத்துல்லா: கேஸ் பர்னஸுல காத்தாடி ஓடவும் கரண்ட் வேணும்மா. அதுவும் நிக்கும். அங்க என்ன, நம்ம ரங்கூன் தாகேதாவா, தினமும் மீ போறதுக்கு?

அப்ஸானா: நர்கீஸ் புயல்ல மூணு மாசம் மீ இல்லாம இருட்டுல கிடந்தீங்களே. இங்க நான் அழுதது எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம்தானே அம்மாவுக்குக் கேஸ் அடுப்பு வாங்கிக் குடுத்தேன். அம்மாவைக் குடுங்க. அம்மா கேஸுன்னுதான் சொல்லும்.

ரஹ்மத்துல்லா: அது… சந்தைக்குப் போயிருக்கு.

அப்ஸானா: போன வாரமும் சந்தை. அதுக்கு முந்தின வாரம் மவுலூது ஓதப் போயிருக்குன்னீங்க… அத்தா, எனக்குப் பயமா இருக்கு. அம்மாவுக்கு என்ன?

ரஹ்மத்துல்லா: ஒண்ணும் இல்ல. நீ பம்புன்னு சொல்லிட்டு போனை…

மதீனா பீவி: போதும். குடுங்க இங்க… இல்ல, நீங்களே என் காதுல பிடிங்க.

அப்ஸானா: அம்மா? சந்தைன்னாங்களே?

மதீனா பீவி: இவருக்குப் பொய்யும் ஒழுங்கா வராது.

அப்ஸானா: போனை ஏன் அத்தா பிடிக்கணும்?

மதீனா பீவி: கை… ஈரம்.

அப்ஸானா: சரி, நீங்க சொல்லுங்கம்மா. கேஸா, பம்பா?

மதீனா பீவி: ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சுப் பேசினப்ப ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

அப்ஸானா: வீட்டுல மீ வந்துச்சுன்னீங்க. அல்ஹம்துலில்லாஹ், இனிமே ஃபேனைப் போட்டுக்கிட்டு நிம்மதியா தூங்குங்கன்னேன்.

மதீனா பீவி: ம்… அவ்வளவு சந்தோஷமா சொன்ன. அதுக்கு மேல எனக்கு வாய் வரல.

அப்ஸானா: எதுக்கு?

மதீனா பீவி: பர்மாக்காரனுக்குக் கரண்டும் மீதான், நெருப்பும் மீதான்.

அப்ஸானா: …அம்மா.

மதீனா பீவி: அன்னைக்கு வந்தது கரண்ட் இல்லம்மா.

அப்ஸானா: …நான் குடுத்த அடுப்பா?

மதீனா பீவி: டியூபுல கசிவு. அதுக்கு நீ என்ன பண்ணுவ? கை ரெண்டும் ஆறிட்டு வருது, போனைத்தான் பிடிக்க முடியல. அழாத… ஏழு மணியாகப் போகுது, பம்புன்னே சொல்லு. பிள்ளை குளிருல கிடக்குது.