ரம்புட்டான் மரத்துக்கு நன்றி

தேநீர் நன்றாக இருக்கிறது, மிஸ். கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வைத்திருக்கிறீர்கள். போலீஸ் நிலையத்தில் இப்படிக் கவனிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தெவிந்துவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவன் என் தம்பி இந்துனிலின் ஒரே மகன். அவனுக்குக் கெடுதல் செய்ய எனக்கு ஒரு காரணமும் இல்லை. அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் தம்பியின் சுண்டுவிரலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்பிட்டியப் பக்கம் எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் இல்லை. எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் வாசலிலேயே இறங்கிவிடுவார்கள். பரம்பரை பரம்பரையாக நாங்கள் முறிவு வைத்தியர்கள். வருகிறவர்கள் ஒரு கட்டு வெற்றிலையை இரண்டு கைகளாலும் நீட்டுவார்கள். அதை வாங்கிவிட்டால், கேட்டதைச் செய்யாமல் அனுப்பக் கூடாது. அது எங்கள் குடும்பத்து விதி. பிழையாக ஒட்டிய எலும்பை மறுபடி உடைத்துத்தான் சேர்க்க முடியும். ஆகவே உடைப்பதும் எங்களுக்கு வைத்தியம்தான். பெருவிரலை எங்கே வைத்து அமுக்குவது என்று அப்பா எனக்கு ஒரு கோழிக்காலில் காட்டிக்கொடுத்தார்.

இந்துனில் சின்ன வயதில் எங்கள் ரம்புட்டான் மரத்திலிருந்து விழுந்து கைவிரலை முறித்துக்கொண்டான். அப்பா ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். நான்தான் எண்ணெய் தடவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினேன். கட்டை அவிழ்த்த அன்று வலக்கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது.

"இது விரலா, தூண்டில் முள்ளா?" என்றார் அப்பா. "திரும்ப உடைக்கணும்."

அம்மா அழுதாள். தம்பி, விழுந்த அதே மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான். கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கையால்தான் அவன் பந்து போட்டான். பந்து வெளியே போகிறது என்று ஆடுகிறவன் மட்டையைத் தூக்குவான். அது தரையில் விழுந்து, ஏதோ மறந்துபோனதை எடுக்க வந்ததுபோலத் திரும்பி, ஸ்டம்பைத் தட்டும். பள்ளிக்கூட அணி, மாகாண அணி, நாட்டு அணி என்று போய்க்கொண்டே இருந்தான். ஒருநாள் டிவியில் அவனுடைய கையைப் பெரிதாகக் காட்டி, மந்திரம் இந்த விரலில்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதன் பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். கடவுள் வளைத்த விரல் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

கடவுள் அன்று எங்கள் வீட்டில் இல்லை, மிஸ். நான்தான் இருந்தேன்.

உலகத்தில் வேறு எந்தச் சுழற்பந்து வீச்சாளரும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்ட அந்த விக்கெட்டை, காலிக் கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் அவன் எடுத்தான். கோட்டைச் சுவர் முழுக்க ஆட்கள். எங்கள் வீட்டில் ஊரே டிவி பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அம்மாவுக்கு நன்றி சொன்னான். பயிற்சியாளருக்கு, மனைவிக்கு, மைதானத்துக்குத் தண்ணீர் விடுகிறவருக்குக்கூடச் சொன்னான். விரலைப் பற்றிக் கேட்டார்கள்.

"அதுக்கு எங்க வீட்டு ரம்புட்டான் மரத்துக்குத்தான் நன்றி சொல்லணும்" என்று சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது பால்சோற்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். கத்தி நேராகத்தான் போனது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஆட்கள் வந்து மரத்துக்கு மாலை போட்டார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் மீன் வியாபாரி பந்துல. கட்டியது மரம் இல்லை, நான்தான் என்று அவனிடம் மட்டும் சொன்னேன். அடுத்த பௌர்ணமிப் போயா தினத்தில் மகன் சஹனையும் ஒரு கட்டு வெற்றிலையையும் கொண்டு வந்தான்.

"அக்கா, என்ட மகனுக்கும் அந்த மாதிரி ஒரு விரல் செஞ்சு குடுங்க."

"விரல் என்ன பந்துல, பாரை மீனா? வேணுங்கிற மாதிரி வெட்டிக் குடுக்க?"

"பகிடி பண்ணாதீங்க அக்கா. நாளைக்கு இவன் பெரிய ஆளா வந்தா டிவியில உங்க பேரத்தான் சொல்லுவான். சொல்லுவாய்தானேடா?"

பையன் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"உன்ட வாய்க்கு அழுகின மீனும் வித்துப்போகும்" என்றேன். ஆனால் வெற்றிலை அதற்குள் என் கைக்கு வந்துவிட்டது.

சஹன் ஒரே ஒரு தடவைதான் கத்தினான்.

பிறகு மற்றவர்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள். நான் யாரையும் அழைக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு விரல் அழகாக வளைந்தது. ஒருவனால் பேனா பிடிக்க முடியாமல் போனது. விகாரையில் மேளம் அடித்துக்கொண்டிருந்த ஒருவன் அதை விட்டுவிட்டான். ஒருவருக்கும் பந்து சுழலவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் பொறுமை இல்லை. பெற்றோர் யாரும் உங்களிடம் வந்து முறையிட்டதில்லை, கவனித்தீர்களா? வெற்றிலை கொடுத்தவர்கள் அவர்கள்தானே.

இந்த வருஷப் பிறப்புக்கு இந்துனில் தெவிந்துவைக் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து வந்தான். இப்போது தம்பி விளையாடுவதில்லை. சாப்பிடும்போது பேச்சை எடுத்தான்.

"சந்தியில பந்துலட மகன்ட விரலப் பாத்தேன் அக்கா. மரத்துல இருந்து விழுந்தானாம். இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் அப்படித்தான். பைத்தியக்காரனுங்க, பிள்ளைங்கள வேணுமெண்டே மரத்துல ஏத்தி விடுறாங்க போல. அடுத்த கிழமை டிவிக்காரங்க என்னப் பத்திப் படம் எடுக்க வாறாங்க. இந்த விரல் கதைய அதோட முடிச்சு வைக்கப் போறேன்."

"என்னத்தச் சொல்லப் போற?"

"உண்மையத்தான். இந்தச் சுண்டுவிரல் பந்தத் தொடுறதே இல்ல. நான் சுழட்டுறது மணிக்கட்டால. இது மழைக்கு முந்தி நோகும், வேற ஒண்டுக்கும் உதவாது." பிறகு என் தோளைத் தட்டினான். "உங்கட கட்டு அவ்வளவு மோசம், அக்கா."

கட்டியது நான் என்பது அவனுக்கு நினைவிருந்தது. எனக்கு அதுவே போதும். நான் அவனுக்கு இன்னொரு பணியாரம் வைத்தேன்.

ஆனால் அவன் பந்து வீச்சாளன். எலும்பைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? டிவியில் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டாமா? ஊர்ப் பிள்ளைகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர்கள் வேறு இரத்தம், வேறு மணிக்கட்டு. தெவிந்து அவனுடைய பிள்ளை. தெவிந்துவின் பந்து சுழன்றால் தம்பி சொல்வது பிழை என்று அவனுக்கே தெரிந்துவிடும். பையனுக்குக் கிரிக்கெட்டில் ஆசை இல்லை. எந்நேரமும் கப்பல் வரைந்துகொண்டிருப்பான். ஆசை பிறகு வரும் என்று நினைத்தேன்.

தம்பி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். நான் தெவிந்துவை மருந்து அறைக்குக் கூப்பிட்டேன்.

"அத்தை, எனக்கு ஒண்டும் முறியலயே?"

"இல்ல மகன். வலக்கையத் தா."

"நோகுமா?"

"கொஞ்சம்."

நான் பொய் சொல்வதில்லை, மிஸ். அவன் கையைக் கொடுத்தான். வெற்றிலை வாங்காமல் நான் செய்தது அவன் ஒருவனுக்குத்தான். சொந்தப் பிள்ளையிடம் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

எண்ணெய் தடவி, விரல் வெளிப்பக்கம் வளையும்படி தப்பை வைத்து, அப்பா கட்டுவதைப்போல நன்றாகக் கட்டினேன். அவன் தேம்பிக்கொண்டிருந்தான். அழுகையை மறக்கட்டும் என்று தாளும் பென்சிலும் கொடுத்து, அத்தைக்கு ஒரு கப்பல் வரைந்து காட்டு என்றேன். அவன் பென்சிலை எடுத்து வரையத் தொடங்கினான். கண்ணீர் சொட்டியும் கோடு நடுங்கவில்லை. கப்பல் அழகாக வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அவன் இடக்கையால் வரைந்துகொண்டிருந்தான்.

பிழையாகச் செய்த வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். பென்சிலை மெதுவாக வாங்கி வைத்தேன்.

அதனால் நீங்கள் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மிஸ். முதல் கை என் கவனக்குறைவு. ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கையைச் சரியாகத்தான் செய்தேன்.