கேட்டில் நிற்கும் வண்டி

காபியைக் குடியுங்கள், நிருபமா மேடம். ஆறிவிட்டால் சிக்கரி மட்டும்தான் நாக்கில் நிற்கும். இன்ஸ்பெக்டரானாலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் விருந்தாளிதான்.

என் பெயர் சேஷகிரி. பெங்களூரிலேயே அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த வைட்ஃபீல்ட் குடியிருப்புக்குச் செயலாளர். என்னை எதிர்த்து யாரும் தேர்தலில் நிற்பதில்லை.

தண்ணீர் லாரி வராத கோடையில் சிலர் குடிநீரில் கார் கழுவினார்கள். அவர்களைத் தடுக்க, இங்கே குடியிருக்கும் பிள்ளைகளை வைத்து ஒரு காவல் படை அமைத்தேன். எல்லோரும் ஐடியில் இருப்பவர்கள், படித்தவர்கள். முதலில் கண்டித்தார்கள். பிறகு குழாயை அடைத்தார்கள். அப்புறம் ஆளைக் கிளப் ஹவுஸுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மாத்தாடறது’. கன்னடத்தில் பேசுவது என்றுதானே அர்த்தம். மழை வந்து தண்ணீர் வந்த பிறகும் படையைக் கலைக்க மனம் வரவில்லை. குடியிருப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது.

டேரில் எனக்கு எதிர் வீடு. நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கென்றே முட்டை போடாத கேக் கொடுப்பார். டெலிவரிக்கு வந்த ஒருவனைப் படை அடித்ததைப் படமெடுத்து, உங்களிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு விஷயம் வெளியே போகலாமா? அவர் வீட்டைக் கட்டுப்பாட்டில் வைத்தேன். அப்படி வைத்தால் விருந்தினர் யாரும் வரக் கூடாது. அந்த வீட்டு அட்டைக்கு லிஃப்ட் வேலை செய்யாது. கேட்டில் யார் வந்து நின்றாலும் குடியிருப்புச் செயலி வழியாக அனுமதி கேட்டு என் போன்தான் அடிக்கும். இந்த ஏற்பாடெல்லாம் என் யோசனை.

ஞாயிறு மதியம் படைத் தலைவன் ரகுராம் வந்தான்.

“மாத்தாடியாச்சு அங்கிள். தலைல கொஞ்சம் பலமா பட்டுடுச்சு.”

டேரிலிடம் பேசச் சொல்லி அனுப்பியது நான்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

இலையில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஆம்புலன்ஸ். செயலியில் ஆம்புலன்ஸுக்கென்று தனி வகை கிடையாது. விருந்தினர் என்றுதான் காட்டியது. மறுத்தேன். டேரிலின் மனைவி மௌரீன் வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் ரத்தம்.

“அங்கிள், இந்த ஒரு தடவை உள்ள விடுங்க. அவருக்கு மூச்சு ஒரு மாதிரி வருது.”

“உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா.”

அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. என் மனைவி ருக்மிணியிடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். போன் மறுபடி அடித்தது, மறுபடி மறுத்தேன். மௌரீன் மற்ற வீடுகளையும் தட்டிப் பார்த்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆக, டேரில் செத்தது என்னால்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் மேல் எனக்குத் துளி வெறுப்பு கிடையாது. அதையும் எழுதுங்கள்.

ஒரு நிமிடம், போன் அடிக்கிறது. பிரேதப் பரிசோதனை முடிந்து டேரிலை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வண்டி கேட்டில் நிற்கிறது. எதிர் வீட்டுக்காரன் ஆயிற்றே, நானும் ஒரு மாலை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வீட்டுக்குக் கட்டுப்பாடு மாதக் கடைசி வரை இருக்கிறதே, மேடம். மறுத்துவிட்டேன். நீங்கள் காபியைக் குடியுங்கள்.