சீனாவில் இரண்டு கட்டில்

– மலை, ஆறு, அரண்மனை எல்லாம் வடிவுதான் பிள்ளை. நான் கேக்க வந்தது கட்டிலைப் பற்றி.

– ரதி அன்ரி, இது ஃபைவ் ஸ்டார் டூர். பெய்ஜிங்ல அரண்மனைக்குப் பக்கத்துல ஹோட்டல். பெருஞ்சுவருக்குத் தனி வேன். கப்பல்ல பால்கனி வெச்ச அறை. உங்கட மகள் மயூரி ஒண்ணொண்ணாப் பாத்து எடுத்தீக்கிறா. கட்டிலும் ராஜா படுக்கிற சைஸ்.

– ராஜா தனியப் படுக்கட்டும் ஸபீரா. ரெண்டு அறை போடுங்கோ. மயூரிக்குத் தெரியக்கூடாது.

– நாப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் தாற பரிசு அன்ரி. அங்கிள் குறட்டையா?

– குறட்டையெண்டால் காதிலை பஞ்சை வைச்சுக்கொண்டு படுப்பன். நாங்கள் கதைச்சு ஒம்பது வருசம்.

– ஒரே ஊட்டுலயா?

– ஸ்ரௌவ்வில் ரவுணிலை எங்கட வீடு பெரிசு. அவர் கீழை பேஸ்மென்றிலை, நான் மேலை. பால் முடிஞ்சால் பிரிட்ஜிலை துண்டு எழுதி ஒட்டுவன். பிள்ளையள் வந்தால் அவர் ரீவியோடை கதைப்பார், நான் அடுப்போடை கதைப்பன். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.

– அப்படி அங்கிள் என்ன செஞ்சாரு? செல்ல ஏலாட்டி உடுங்க.

– மயூரியின்ர கலியாணக் கிழமை. பாரிசிலை என்ர அண்ணை புதன்கிழமை மோசம் போயிட்டார். அண்ணி அழுதுகொண்டு போன் எடுக்க, இவர்தான் கதைச்சவர். தாய்மாமன் செத்தால் துடக்கு, கலியாணம் நிண்டுபோம் எண்டு எனக்கு மூச்சு விடேல்லை. சனி அண்ணையை எரிச்சுப்போட்டினம். ஞாயிறு கலியாணம். திங்கள் காலமை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சுப்போட்டுச் சொல்லுறார்.

– யா அல்லாஹ்.

– கலியாண அல்பத்தைத் திறந்து பாருங்கோ. எல்லாப் படத்திலையும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறன்.

– பொறகு அண்ணியோட பேசல்லயா?

– எந்த முகத்தோடை? தெரிஞ்சுகொண்டுதான் நான் வராமல் நிண்டனான் எண்டு அவ நினைச்சிருப்பா. அவவும் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை. எனக்கு அக்கா மாதிரி இருந்தவ. அதுதான் கூடச் சுடுது.

– அன்ரி, அறைய மாத்தத் தேவல்ல. இப்ப அதுல ரெண்டு கட்டில்தான் ஈக்கு.

– ராஜா கட்டில் எண்டனீங்கள்.

– அது மகள் போட்டது. போன கிழமை மாத்தியாச்சு.

– ஆர் மாத்தினது?

– அங்கிள்தான். உங்களுக்குச் செல்ல வாணாம் எண்டாரு.

– பாத்தீங்களே, அதிலையும் முந்திக்கொண்டார். எனக்குப் பக்கத்திலை படுக்க அவருக்கும் ஏலாதாம்.

– இல்ல அன்ரி. அவரு கட்டில மட்டும் மாத்தல்ல. அவர்ட பெயர வெட்டிட்டு வேற பெயர் போட்டாரு. "என்னோடை வந்தால் ரதி பன்னிரண்டு நாளும் வாய் திறக்கமாட்டா. அந்த மலையளையும் மண்ணாலை செய்த ஆமிக்காரச் சிலையளையும் பாத்துப்போட்டு அவ ஆரோடை கதைக்கிறது?" எண்டு என்னைக் கேட்டாரு.

– ஆரின்ர பெயர்?

– பாரிஸ்ல ஈக்கிற உங்கட அண்ணி. நேரா பெய்ஜிங் வாறா. அங்கிள்தான் அவவோட பேசினாரு. அண்டைக்கு ரதிக்கு ஒண்ணுமே தெரியாது, பிழை முழுக்கத் தன்னோடதான் எண்டு செல்லி அழுதாராம்.

– அண்ணி ஓமெண்டவாவோ?

– டிக்கெட்டும் அவவுக்கு அனுப்பியாச்சு. ரதி இப்பவும் காரம் சாப்பிடுவாளா எண்டு கேட்டா.

– இவர் வீட்டிலை தனிய என்ன செய்யப்போறாராம்?

– முழங்கால் ஏலாது எண்டு மகள்ட்டச் செல்லுவாராம்.

– இன்னொரு பொய்.

– அழாதீங்க அன்ரி. தண்ணி குடிங்க.

– எனக்குக் கோவம் இன்னும் போகேல்லை, பிள்ளை. ஆனால் அந்த மனுசனை விட்டிட்டுப் போகவும் மனமில்லை. மூண்டாவது ஆளுக்கு ஒரு அறை கிடக்கோ?

– கடைசியா ஒண்ணு ஈக்கு. ஆனா பெயர வெட்டினதோட அவர்ட விவரமெல்லாம் போயிட்டு. பாஸ்போட் நம்பர் இப்பவே வேணும். நான் போன் எடுத்துக் கேக்கட்டா?

– வேண்டாம், உந்தப் போனை இஞ்சாலை தாங்கோ. ஹலோ. இஞ்சேருங்கோ, நான்தான் ரதி. உங்கட பாஸ்போட்டை எங்கை வைச்சிருக்கிறியள்?